அவரிடமே கேளுங்கள்

புது வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் என் கணவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது எங்களுக்குப் பிடிபட்டது. பல்லடத்துக்குத் தெற்கே, எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டி அந்த வீட்டைக் கட்டினோம். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கூரை போட்டது வரை கூடவே நின்று பார்த்தவர் அவர். ஆனால் குடிவந்து மாதக்கணக்கில் ஆகியும் குளியலறை எது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து தீவன மூட்டை அடுக்கிய அறைக்குள் போய் நிற்பார். சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுவார். பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த உயரத்தில்தான் கை போகும். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினால், "தெரியும் அம்மணி, தூக்கக் கலக்கம்" என்பார். மறுநாளும் அதே அறைதான்.

அவருக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை. நான் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் எதுவும் மண்டையில் ஏறும் என்று நம்புவது என் தொழில். அதனால் அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு கதவிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அவர் அதை அழகாகப் படிப்பார். 'குளியலறை' என்று படித்துவிட்டு அதைத் தாண்டிப் போய்த் தீவன அறைக்குள் நுழைவார். நான் பின்னாலேயே நின்று பார்ப்பேன்.

கோயமுத்தூரில் நரம்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி உள்ளூர் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நகரத்தில் குண்டுகள் வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வண்டிகளை வழியெங்கும் நிறுத்திச் சோதித்தார்கள். எங்கள் மகன் கோழிக்குஞ்சு இறக்கப் போயிருந்ததால் நானும் அவரும் மட்டும் பேருந்தில் போனோம். சிங்காநல்லூருக்கு முன்பாக வண்டியை நிறுத்தி இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் பேரும் ஊரும் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

என் கணவர் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். நான் கவனித்திருக்கவில்லை.

"பேரென்னங்க?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

அவர் சிரித்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். பதில் வரவில்லை.

"எங்கிருந்து வர்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்ததும் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்கம்மா. அவரு சொல்லட்டும்."

"தெரியுமுங்க," என்றார் என் கணவர். "வாயில வருதுங்க. சித்த இருங்க."

பையைத் திறக்கச் சொன்னார்கள். அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடுங்கித் திறந்தபோது உள்ளே ஒரு பல்பு ஹோல்டரும் சுருட்டிய ஒயரும் இருந்தன. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டத் தொங்கவிடும் விளக்கினுடையவை. கொட்டகையிலிருந்து எதை எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. ஆனால் அந்தப் பேருந்தில் அந்த ஒயரைப் பார்த்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முன்வாசலில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். எங்கள் இருவரையும் இறக்கிச் சாலையோரத்தில் தனித்தனியாக நிறுத்தினார்கள். என் கணவரின் கையை ஒரு போலீஸ்காரர் முதுகுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்திருந்தார். இவர் தன் பெயரைத் தேடி உதட்டை அசைத்தபடியே இருந்தார்.

உள்ளூர் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை நான் நீட்டினேன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து படித்துவிட்டு, கையை விடச் சொன்னார். "இப்பிடிப்பட்டவரை இந்த நேரத்துல பஸ்ல கூட்டிட்டு வரலாமுங்களா?" என்றார். அடுத்த வண்டியை நிறுத்தி அவரே எங்களை ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்து வெகுதூரம் போன பிறகு என் கணவர் என் காதருகே குனிந்து தன் பெயரைச் சொன்னார். சரியாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டார். என் கணவருக்கு ஒன்றுகூட வரவில்லை. மூன்று சொற்கள் சொன்னதே நினைவில்லை. ஸ்கேன் எடுத்தோம், இரத்தம் கொடுத்தோம். கடைசியில் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். குணமாக்க வழியில்லை என்றும் சொன்னார்.

"வெளிநாட்டுல ஒரு மாத்திரை வந்திருக்குங்க. இங்க இன்னும் வரலை," என்றார். "மூளையில ஒரு செல்லு இன்னொண்ணுக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனம் வேணும். அது இவருக்குக் குறைஞ்சு போச்சு. இருக்கிறதும் சீக்கிரமே கரைஞ்சு போகுது. கரையாம கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறதுதான் அந்த மாத்திரையோட வேலை. கெணறு வத்திட்டுத்தான் இருக்கும். இருக்கிற தண்ணி வாய்க்கால்ல கசியாம பாத்துக்கலாம், அவ்வளவுதானுங்க."

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டான் மகன். இந்த முறை அவன் காரில் கூட்டி வந்திருந்தான்.

"சில பேருக்கு ஒரு வருசம். சில பேருக்கு அதுக்கு மேலயும். சில பேருக்கு ஒண்ணுமே செய்யாது."

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் இருந்தான். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் மாத்திரை வந்து சேர்ந்தது. பட்டாணி அளவுகூட இல்லை. முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். கனவில் யாரையோ கூப்பிட்டுக் கையை வீசினார். நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்தபோதெல்லாம் மகன், "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்கம்மா" என்றான்.

இரண்டாம் மாதத்தில் ஒரு காலை. நான் சமையலறையில் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வரும் ஓசை கேட்டது. வழக்கம்போலத் தீவன அறைக்கு ஓடத் தயாரானேன். அவர் அதைத் தாண்டி நடந்தார். குளியலறைக் கதவு திறந்தது. சுவிட்ச் போடும் சத்தம் ஒரே தடவையில் கேட்டது. தண்ணீர் விழுந்தது. நான் மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். புது வீடு கட்டி முடித்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அதற்குள் குடிவந்தார் என்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு சின்னச் சின்னதாக நிறைய. மகன் வாங்கிய புதுக் காரின் கதவை எப்படித் திறப்பது என்று கற்றுக்கொண்டார். புதிதாக வேலைக்கு வந்திருந்தவரைப் பார்த்து, "உங்களுக்குக் கருமத்தம்பட்டிதானுங்களே?" என்று கேட்டார். முந்தின வாரம் அந்த ஆள் தன் ஊரைச் சொன்னதை நினைவில் வைத்திருந்தார். மருத்துவர் சொன்ன மூன்று சொற்களில் இரண்டைத் திருப்பிச் சொன்னார். மகன் மருத்துவமனை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்குள் வேறொரு பதற்றம் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அவர் எப்போதாவது, "எனக்கு என்ன ஆச்சு அம்மணி?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் மறதி" என்பேன். அத்தோடு போய்விடும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அதையே கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"நேத்தும் இதேதான் சொன்னே," என்றார். "மறதின்னா எதுக்கு அமெரிக்காவிலிருந்து மாத்திரை வருது?"

அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். நோயின் பெயர், அது எப்படிப் போகும், கடைசியில் என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காபி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அது நினைவிருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அதிலிருந்து அவர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார். வந்தால் முகம் தெளியும். வராவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். என் தங்கை பெயரை ஒரு நாள் மாற்றிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை.

காலையில் தனியாக நடந்துவிட்டு வர அனுமதி கேட்டார். வழி தெரிகிறதே என்று சம்மதித்தோம். எங்கள் தோட்டத்துக்கு அப்பால் வாய்க்கால் போகிறது. கரையோடு போய்ப் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். சில வாரங்கள் ஒழுங்காகப் போய் வந்தார். ஒரு நாள் நான் வகுப்பில் இருந்தபோது மகன் வாசலில் வந்து நின்றான். அவன் சட்டையில் இரத்தம்.

வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அவரைப் பார்த்திருக்கிறார். நடந்து வந்தவர் நின்றாராம். எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாராம். பிறகு துணி சரிவதுபோல் சரிந்துவிட்டாராம். தலை கரையின் சிமென்டில் மோதியது, இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள் போய்விட்டது. அந்த அம்மா ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டுச் சத்தம் கொடுத்திருக்கிறார்.

கோயமுத்தூர் போகும் வழியெல்லாம் நான் காரின் பின் இருக்கையில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தேன். நாடி ஒரு அடி அடிக்கும். அடுத்தது வராது. பிறகு மெதுவாக ஒன்று வரும். "வெசையா ஓட்டு சாமி" என்று மட்டும் மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இருதயத் துடிப்பை மாத்திரை மந்தமாக்கியிருக்கிறது என்றார்கள். ஏற்கெனவே அவர் இருதயத்தில் ஒரு சின்னக் குறை இருந்திருக்கிறது. மாத்திரை அதைப் பெரிதாக்கிவிட்டது. உடனே மாத்திரையை நிறுத்தினார்கள். தலையில் தையல் போட்டார்கள். இரண்டாம் நாள் நரம்பு மருத்துவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு வழி இருக்குங்க," என்றார். "மாத்திரையை இத்தோட விட்டுரலாம். துடிப்பு தானா சரியாகும்னு இருதய டாக்டர் சொல்றாரு. இல்லீன்னா நெஞ்சுல பேஸ்மேக்கர்னு துடிப்பை ஓட்டற ஒரு மெசினை வெச்சுட்டு மாத்திரையைத் தொடரலாம். அப்ப மயக்கம் வராது. நெனப்பும் இன்னும் கொஞ்ச நாள் நிக்கும்."

"வெச்சுருங்க," என்றான் மகன்.

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"அவருகிட்டயே கேளுங்க," என்றார் மருத்துவர். "இன்னைக்கு அவரால புரிஞ்சுக்க முடியும். ஆனா ஒண்ணு. மாத்திரையை நிறுத்தியாச்சு. ரெண்டு வாரத்துல அது ஒடம்பை விட்டுப் போயிரும். அதுக்கப்பறம் கேட்டீங்கன்னா இப்ப இருக்கிற மனுசன் பதில் சொல்ல மாட்டாரு."

அன்று மாலையே மருத்துவரும் நாங்களும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம். மருத்துவர் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். என் கணவர் கைகூப்பி, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதானுங்க" என்றார்.

மகன் உடனே, "அப்பா சம்மதிச்சுட்டாருங்க" என்றான்.

"அது மரியாதைங்க. பதில் இல்லை," என்றார் மருத்துவர். "நாளைக்கும் கேக்கலாம்."

மறுநாள் காலை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். கீழே சாலையில் வண்டிகளின் இரைச்சல். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கேட்கவே இல்லை. அவரே ஆரம்பித்தார்.

"அந்த மெசின் வேண்டாம் அம்மணி."

"ஏனுங்க?"

"மாத்திரை தின்னா ஊடு தெரியுது. நல்லாத்தான் இருக்குது. ஆனா பொழுதன்னைக்கும் பயந்துட்டே இருக்கறேன். இன்னைக்கு இது போச்சு, நாளைக்கு எது போகும்னு காவல் காத்துட்டே இருக்கறேன். முன்னால எனக்கு இந்தப் பயம் இல்லை. உனக்குத்தான் இருந்துச்சு."

"எனக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க," என்றேன். "நான் தாங்கிக்குவேன். நீங்க இன்னும் கொஞ்ச நாள் என்னைத் தெரிஞ்சுட்டு இருங்க."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "உன்னைத் தெரியாமப் போறதை நானே பாத்துட்டு இருக்கோணுமா?" என்று கேட்டார்.

நான் இதை மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் வைத்து என்னிடம் சண்டை போட்டான். வாழ்நாளில் அவன் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க," என்றான். "உங்களுக்குப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. அப்பா அப்பிடிச் சொல்லவே மாட்டாரு."

"சலிச்சதுதான். இல்லைன்னு சொல்லலை," என்றேன். "ஆனா நான் வாயைத் தொறக்கலை சாமி. வேணும்னா நீ கேளு. நான் பக்கத்துலகூட வரலை."

"நான் கேட்டா எனக்கொரு பதில் சொல்லுவாரு, உங்களுக்கொரு பதில் சொல்லுவாரு. எதைங்கம்மா எடுத்துக்கறது?"

அன்று முழுக்க இருவரும் எதிரெதிர் சுவரில் சாய்ந்து நின்றோம். இடையில் என் கணவர் செவிலிப் பெண்ணிடம் ஒரே கேள்வியை அடுத்தடுத்துக் கேட்டது என் காதில் விழுந்தது. மாத்திரையின் வேகம் இறங்கத் தொடங்கிவிட்டதோ என்று நினைத்தேன். மகனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவன் போய் மருத்துவரைக் கையோடு கூட்டி வந்தான்.

இந்த முறை மருத்துவர் எதையும் விளக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து நான் ஒரு சமாச்சாரம் சொன்னேனுங்க. என்னன்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். புருவம் சுருங்கியது. பேருந்திலிருந்து இறக்கி நிறுத்தியபோது உதடு அசைந்ததுபோலவே அசைந்தது. நான் மகனைப் பார்த்தேன். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் சொல்ல வேண்டும் என்று இருவரும் ஏங்கினோம். சொல்லிவிட்டால் அடுத்த கேள்வியும் வருமே என்ற பயம் எனக்கு.

"நெஞ்சுல ஒரு மெசினு வெக்கறதுங்க," என்றார் அவர். "வெச்சா மாத்திரை திங்கலாம். வெக்காட்டி மாத்திரை கெடையாது."

"மாத்திரை இல்லைன்னா?"

"மறுக்கா ஊடு தெரியாமப் போகுமுங்க." கொஞ்சம் நிறுத்தி, "இவியளையும் தெரியாமப் போகுமுங்க" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப என்ன செய்யலாமுங்க?"

"வேண்டாமுங்க."

மகன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "ஏனுங்கப்பா?" என்று கேட்டபோது அவன் குரல் சின்னப் பையனின் குரலாக இருந்தது.

அவர் அவன் தலையில் கை வைத்தார். "தெரிஞ்சுட்டே போறதுக்குத் தெரியாமப் போறது தேவலை கண்ணு. நீ வெசனப்படாதே. அம்மா பாத்துக்குவா."

மருத்துவர் எழுந்தார். "இது பதிலுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

துடிப்பு சில நாட்களில் சீரானது. வீட்டுக்கு அழைத்து வந்தோம். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு காலையும் நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குளியலறைக் கதவு திறந்தது. திறந்தது. பிறகு ஒரு நாள் தீவன அறைக் கதவு திறந்தது. நான் ஓடவில்லை. மெதுவாகப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாதக்கணக்கில் அந்த முகத்தில் இருந்த சுருக்கம் இல்லை. அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

பயம் முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். பொழுது சாயும் நேரத்தில் எங்கேயோ கிளம்ப வேண்டும் என்று பரபரப்பார், வாசல் கம்பிக் கதவை உலுக்குவார். ஆனால் அது வந்து போகும் பயம். தட்டைத் தள்ளிவிடுவதை நிறுத்தினார். இரண்டாம் முறை வாங்கிக் குடிக்கும் காபியை முதல் காபி போலவே ரசித்தார். கொஞ்ச காலத்தில் நான் யார் என்பது போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து இடம் விட்டு, "உக்காருங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்பார். சௌக்கியம் என்று சொல்வேன். சில நாள் அந்தப் பேச்சே நீண்டு, பிள்ளை குட்டி எத்தனை என்பது வரை போகும். ஒரே மகன், பண்ணை வைத்திருக்கிறான் என்பேன். "நல்லதுங்க, பொழைச்சுக்குவாரு" என்பார்.

அடுத்த வருஷமே அந்த மாத்திரை நம் ஊர்க் கடைகளிலும் கிடைத்தது. பல்லடத்தில் மருந்துக் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டி கண்ணில் படும். என் பள்ளியில் உடன் வேலை பார்த்த ஒருவர் தன் மாமியாருக்கு வாங்கினார். அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் நன்றாக வேலை செய்தது. அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நாங்களும் செய்திருக்கலாமோ என்று தோன்றும். திரும்பி வந்து இவர் முகத்தைப் பார்ப்பேன். பதில் எதுவும் கிடைக்காது.

மகன் முதல் சில மாதம் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் அப்பாவைக் குளிப்பாட்டும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். கல்யாணமான பிறகும் விடவில்லை. அவர் நிமோனியா காய்ச்சலில் அதே வீட்டில் இறந்தார். மாத்திரையை நிறுத்தி நாலரை வருஷம் ஆகியிருந்தது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன ஒரு மத்தியானம் மகன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அப்பா சொன்னது அவரோட சொந்தப் பதில்தானுங்களேம்மா?"

"ஆமா சாமி."

"அது சரியான பதிலுங்களா?"

"தெரியலை," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து, குஞ்சு வண்டி வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கொட்டகைக்குப் போனான்.